கல்தூள் ரெசின் வார்ப்பில் குறு இழை சேர்க்கும் முறை: முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மிளகாயும் மசாலைப் பொருள்களும் அரைக்கும் மாவு மில் ஒன்றின் மோட்டாருக்குக் கல்தூளையும் ரெசினையும் கலந்து நான் வார்த்துக் கொடுத்த முதல் அடிக்கல், மூன்றாவது மாதத்தில் மூலையில் வெடித்தது. “தம்பி, கல்லு வாயைப் பிளந்துருச்சு, வந்து பாரு” என்று மில்கார அண்ணன் அழைத்தபோது, மோட்டாரின் அதிர்வைத் தாங்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டே போனேன். உடைந்த மூலையைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. போல்ட்டுத் துளையிலிருந்து ஓரம் வரை ஓடிய வெடிப்பின் நடுவே, புளியங்கொட்டை அளவில் வெள்ளையாக ஒரு திரள் இருந்தது. நகத்தால் கிள்ளியதும் அது உலர்ந்த பஞ்சைப் போல உதிர்ந்தது. வலிமைக்கென்று நான் போட்ட கண்ணாடி இழைதான் அது. ரெசின் அதற்குள் புகவே இல்லை. வெடிப்பைத் தடுக்க வேண்டிய பொருளிலேயே வெடிப்பு பிறந்திருந்தது.

அதன் பிறகு அதே அடிக்கல்லை மீண்டும் வார்த்தபோது கடைப்பிடித்த முறையை, அளவுகளோடும் காரணங்களோடும் இங்கே எழுதுகிறேன். கல்தூளையும், ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் சேர்ந்தால் கெட்டியாகும் எப்பாக்சி ரெசினையும் கலந்து இயந்திர அடித்தளம் வார்ப்பது புதிய தொழில் அன்று. சுவிட்சர்லாந்தின் ஸ்டூடர் நிறுவனம் பல பத்தாண்டுகளாகத் தன் சாணை இயந்திரங்களுக்கு இவ்வகை அடித்தளத்தையே பயன்படுத்தி வருகிறது. வார்ப்பிரும்பைவிட இது அதிர்வை நன்றாகத் தணிக்கும் என்பதே அதற்குக் காரணம். அழுத்தத்தைத் தாங்குவதில் இப்பொருளுக்குக் குறையில்லை. இழுப்பும் வளைவும் வரும் இடங்களில்தான், முன்னறிவிப்பே இல்லாமல் சட்டென்று முறியும்.

இழை எதைச் செய்யும், எதைச் செய்யாது

இழை சேர்த்தால் வார்ப்பு விறைப்பாகும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்காது. கண்ணாடி இழையின் விறைப்பு சுமார் 72 கிகாபாஸ்கல் (விறைப்பையும் வலிமையையும் அளக்கும் அலகு; ஆயிரம் மெகாபாஸ்கல் ஒரு கிகாபாஸ்கல்). எல்லாத் திசைகளிலும் சிதறிக் கிடக்கும் இழை, தன் விறைப்பில் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே எந்த ஒரு திசைக்கும் கொடுக்கும் என்று டேனிய ஆய்வாளர் கிரெங்கெல் 1964இல் காட்டினார். ஆகவே கன அளவில் 1 விழுக்காடு இழை போட்டால், 72ஐ 100ஆல் வகுத்து, வந்ததை 5ஆல் வகுக்க, சுமார் 0.14 கிகாபாஸ்கல்தான் கூடும். நன்றாக வார்த்த கல்தூள் ரெசினின் விறைப்பு 30 கிகாபாஸ்கலை ஒட்டியிருக்கும். அதில் இந்தக் கூடுதல் கண்ணுக்கே தெரியாது. அதே நேரத்தில், இழை புகுந்து, கற்கள் நெருங்கி அடைந்திருக்கும் நிலையை, அதாவது அடைவைக் கலைத்துவிட்டால் அந்த இடைவெளியை நிரப்ப ரெசின் கூடுதலாக வேண்டும். ரெசினின் விறைப்போ 3 கிகாபாஸ்கல் அளவில்தான். இழையை அள்ளிப் போட்டவர் தம் வார்ப்பைத் தாமே தளர்த்திக்கொள்கிறார்.

இழையின் பணி வேறு. கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று பிறந்ததும் அதன் இரு கரைகளையும் பிடித்துக்கொண்டு, கீறல் ஓடவிடாமல் நிறுத்துவதுதான் அது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எங்கே இழை தேவை என்பது எளிதில் விளங்கும். மேலிருந்து பாரம் மட்டுமே இறங்கும் தடித்த கட்டைக்கு இழை வேண்டாம். போல்ட்டுத் துளையைச் சுற்றி, மூலைகளில், 30 மி.மீ.க்கும் குறைந்த தடிப்புள்ள இடங்களில், அடி விழக்கூடிய ஓரங்களில் இழை வேண்டும்.

எந்த இழை, எவ்வளவு நீளம்

நீளத்தை முடிவு செய்ய ஒரு கணக்கு உண்டு. இழையின் இழுவலிமையை அதன் விட்டத்தால் பெருக்கி, ரெசினுக்கும் இழைக்கும் உள்ள பிடிப்பு வலிமையின் இரு மடங்கால் வகுத்தால், இழை உருவிக்கொண்டு வராமல் தன் முழு வலிமையையும் கொடுக்கத் தேவையான குறைந்த நீளம் கிடைக்கும். விட்டம் 13 மைக்ரான் (0.013 மி.மீ.), வலிமை 2000 மெகாபாஸ்கல், பிடிப்பு 30 மெகாபாஸ்கல் என்று வைத்தால் விடை 0.43 மி.மீ. அப்படியானால் 3 மி.மீ. இழையே தாராளம் என்று தோன்றும். ஆனால் கடையில் வாங்கும் நறுக்கிய கண்ணாடி இழை தனித்தனி மயிரிழையாக வருவதில்லை. பல இழைகள் ஒட்டிய கற்றையாகத்தான் வரும். 0.15 மி.மீ. தடிப்புள்ள ஒரு கற்றை பிரியாமல் ஒரே இழையைப் போல வேலை செய்தால், அதே கணக்கின்படி 5 மி.மீ. வேண்டும். அதனால்தான் நான் 6 மி.மீ. நீளத்தைத் தேர்ந்தெடுக்கிறேன்.

இன்னும் நீளமாக 12 மி.மீ. போடலாமே என்ற கேள்விக்கு அடைவுதான் பதில். எல்லாத் திசையிலும் கிடக்கும் நீண்ட குச்சிகளைத் தாமாக நெருங்கவிட்டால், நீளத்தை விட்டத்தால் வகுத்த எண்ணை அவற்றின் கன அளவுப் பங்கால் பெருக்கும்போது சுமார் 5 வரும் நிலையில் ஒன்றையொன்று சிக்கிப் பின்னிக்கொள்ளும். முழுதும் பிரிந்த 6 மி.மீ. இழைக்கு அந்த எல்லை கன அளவில் 1 விழுக்காட்டை ஒட்டியே வந்துவிடுகிறது, 12 மி.மீ. என்றால் அதிலும் பாதி. அந்த எல்லையைத் தாண்டினால் வாளியில் கலவை இருக்காது, குருவிக்கூடுதான் இருக்கும்.

வாங்கும்போது, இழையின் மேற்பூச்சு எந்த ரெசினுக்கு ஏற்றது என்று கேட்டு வாங்க வேண்டும். படகு கட்டுவோர் பயன்படுத்தும் இழைப்பாயைக் கத்தரித்துப் போடுவது பலர் செய்யும் தவறு. அந்தப் பாயைப் பிணைக்கும் பசை, பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்யப்பட்டது; எப்பாக்சியில் அது கரையாது. சிமெண்டுக்கு விற்கும் கண்ணாடி இழையிலும் கற்றை பிரியாமலே இருக்கும்படி செய்யப்பட்ட வகை உண்டு. எப்பாக்சிக்கு ஏற்ற சிலேன் (கண்ணாடியையும் ரெசினையும் பிணைக்கும் வேதிப்பொருள்) பூச்சுள்ளதைக் கேளுங்கள். பாலிப்ரோப்பிலீன் இழை மலிவுதான். ஆனால் ரெசின் அதில் ஒட்டாது, விறைப்பும் கிடையாது. கார்பன் இழை எல்லாவற்றிலும் சிறந்தது; விலை கட்டுப்படியானால் போல்ட்டுத் துளைகளைச் சுற்றி மட்டும் போடலாம்.

எங்கள் ஊரில் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. செம்பனை எண்ணெய் ஆலையில் பழம் எடுத்த வெறுங்குலை மலைபோல் குவிந்து கிடக்கிறது, அதன் நார் இருக்கும்போது கண்ணாடி இழைக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? கேள்வி நியாயமானது, எனக்கும் அந்த ஆசை இருந்தது. குலை நாரின் தடிப்பு 0.3 மி.மீ. அளவில் இருக்கும், வலிமை கண்ணாடி இழையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறுவது கடினம். அதில் மிஞ்சியிருக்கும் எண்ணெய் ரெசினை ஒட்டவிடாது. ஈரத்தை உறிஞ்சி உப்பும், உலர்ந்தால் சுருங்கும். அதிர்வு மேசையில் வைத்தால் எடைக்குறைவால் மேலே மிதந்து வரும். சோடியம் ஹைட்ராக்சைடை 5 விழுக்காடு கரைத்த நீரில் ஊறவைத்து, கையுறையோடு பலமுறை அலசி, நன்றாகக் காயவைத்து, 10 முதல் 15 மி.மீ. நீளத்துக்கு நறுக்கிப் போட்டால் பூச்சட்டிக்கும் சுவர்ப் பலகைக்கும் பயன்படுகிறது. கீழே விழுந்தாலும் அந்தச் சட்டி சிதறிப்போவதில்லை. இயந்திர அடிக்கல்லில் அதைப் போட நான் துணியமாட்டேன்.

கல்லைத் தயார் செய்தல்

இழை போடுவதாக இருந்தால் பெரிய கல்லின் அளவைக் குறைக்க வேண்டும். பெரிய பருக்கையைப் போல இரு மடங்காவது இழையின் நீளம் இருந்தால்தான் அது பருக்கைகளுக்கு ஊடே பாலம் கட்டும். 6 மி.மீ. இழைக்கு 2.5 மி.மீ.தான் மேல் எல்லை. அமெரிக்கப் பொறியாளர்கள் ஃபுல்லரும் தாம்சனும் 1907இல் கொடுத்த விகிதத்தின்படி, 1.25 மி.மீ. சல்லடையில் 71 விழுக்காடும், 0.6இல் 49உம், 0.3இல் 35உம், 0.15இல் 24உம், 0.075இல் 17 விழுக்காடும் கீழே இறங்க வேண்டும். பருமனான பகுதிக்குக் கருங்கல் தூளையும், மிக நுண்ணிய பகுதிக்கு ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாய்ப் பக்கம் அரைக்கும் சுண்ணக்கல் மாவையும் எடுத்துக்கொள்கிறேன். 325 மெஷ் என்று மூட்டையில் போட்டிருந்தால் 45 மைக்ரான் என்று பொருள்.

குவாரித் தூளில் மழை ஈரம் எப்போதும் இருக்கும். நம் ஊர்க் காற்றில் வெயிலில் காயவைப்பது போதாது. 105 முதல் 110 பாகை செல்சியஸ் சூட்டில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தி, ஆறியதும் மூடி போட்ட வாளியில் அடைக்க வேண்டும். திறந்து வைத்தால் மறுபடியும் ஈரம் ஏறிவிடும்.

கருங்கல் தூளில் படிக சிலிக்கா உண்டு. நுரையீரலில் படிந்தால் அது வெளியேறாது, சிலிக்கோசிஸ் நோய்க்கு மருந்தும் இல்லை. சல்லடை பிடிக்கும்போதும் காய்ந்த வார்ப்பைத் தேய்க்கும்போதும் முகத்தில் சரியாகப் பொருந்தும் தூசி முகமூடி கட்டாயம். கைக்குட்டை கட்டிக்கொள்வது பயன் தராது.

அடைவை அளத்தல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சரியாக 1 லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் உலர்ந்த கற்கலவையைப் போட்டு, தட்டித்தட்டி அது மேலும் இறங்காத நிலைக்குக் கொண்டுவந்து, விளிம்போடு வழித்து எடை போடுங்கள். 2.05 கிலோ வந்தது என்று வைத்துக்கொள்வோம். கல்லின் அடர்த்தி லிட்டருக்கு 2.65 கிலோ, வகுத்தால் 0.774. அதாவது பாத்திரத்தில் 77.4 விழுக்காடு கல், மீதி 22.6 விழுக்காடு வெற்றிடம். அந்த வெற்றிடத்தை நிரப்பி, ஒவ்வொரு பருக்கையையும் மெல்லப் பூசவும் ரெசின் வேண்டும் என்பதால் 25 விழுக்காடு என்று கணக்கில் கொள்ளலாம். அடுத்து, போட நினைக்கும் இழையை அதே உலர் கலவையில் கலந்து மறுபடியும் எடை பாருங்கள். எடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு இழை அடைவைக் கெடுத்திருக்கிறது. இழை கூடக்கூட எடை சிறுகச்சிறுகக் குறைந்துகொண்டே வந்து, ஓர் இடத்தில் திடீரென்று சரியும். அந்த இடத்துக்குச் சற்று முன்னே நிற்பதுதான் உங்கள் கல்லுக்கும் உங்கள் இழைக்கும் உரிய அளவு. பிறர் சொல்லும் விழுக்காட்டைவிட இந்தத் தராசை நம்பலாம்.

மில்லுக்கான அடிக்கல் 500க்கு 400 மி.மீ., தடிப்பு 80 மி.மீ.; மொத்தம் 16 லிட்டர். கன அளவில் 0.5 விழுக்காடு இழை எடுத்துக்கொண்டேன். அது 80 மி.லி., எடையில் சுமார் 200 கிராம். ரெசினும் ஹார்டனரும் சேர்ந்து 4 லிட்டர், 4.6 கிலோ. கல் சுமார் 31.6 கிலோ. வாளியிலும் கரண்டியிலும் ஒட்டிப் போவதற்காக எல்லாவற்றிலும் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக எடுத்து வைக்க வேண்டும்.

கலக்கும் வரிசை

என் முதல் அடிக்கல் கெட்டது இந்த இடத்தில்தான். உலர்ந்த கல்லோடு இழையைக் கொட்டி, மேலே ரெசினை ஊற்றிக் கிளறினேன். கற்களுக்கிடையே நசுங்கிய கற்றைகள் உருண்டையாகத் திரண்டன. ரெசின் உருண்டையின் வெளிப்புறத்தைப் பூசியதோடு நின்றுவிட்டது. வெளியே பளபளப்பாகத் தெரிந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இப்போது முதல் நாள் மாலையிலேயே இழையை ரெசினில் ஊறவைக்கிறேன். ஹார்டனர் சேராதவரை எப்பாக்சி கெட்டியாகாது என்பதால் அவசரமே இல்லை. நான் பயன்படுத்தும் ரெசினுக்கு எடையில் 100க்கு 50 ஹார்டனர் என்பதால், 4.6 கிலோவில் ரெசின் பங்கு சுமார் 3.07 கிலோ. 0.15 மி.மீ.க்குக் கீழே இறங்கிய நுண்தூளில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது சுமார் 2.5 கிலோவை, முதலில் அதில் கரைக்க வேண்டும். தோசை மாவுப் பதம் வரும். அந்தப் பதம் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு: நீர்த்த ரெசினில் இழை வழுக்கிக்கொண்டு சுற்றுமே தவிரக் கற்றை நெகிழாது, மாவுப் பதத்தில் அகப்பை நகரும்போது ஏற்படும் இழுப்புதான் கற்றைக்குள் ரெசினைத் திணிக்கிறது. இழையை விபூதி தூவுவது போல ஒரு சிட்டிகை எடுத்து, மேற்பரப்பில் பரவலாகத் தூவி, அது மூழ்கி மறைந்த பிறகே அடுத்த சிட்டிகை போட வேண்டும். 200 கிராமுக்கு அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

அகப்பையில் சிறிது எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நனைந்த கற்றை ஒளி ஊடுருவும்படி மங்கலாகிவிடும். நனையாதது வெண்கோடாகத் தெரியும். ஒவ்வொரு கற்றையும் தனித்தனி இழையாகப் பிரிய வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். ரெசின் உள்ளே சென்றிருந்தால் போதும். வாளியை மூடி இரவு முழுவதும் வைத்தால், மிச்சமிருக்கும் வெண்கோடுகளும் மறைந்து, குமிழிகளும் மேலே வந்து உடைந்துவிடும்.

மறுநாள் காலையில், வெயில் ஏறுமுன், அடியில் படிந்த தூளைக் கிளறிவிட்டு ஹார்டனரை எடை போட்டுச் சேர்க்க வேண்டும். டப்பாவில் எழுதியிருக்கும் வேலை நேரம், அதாவது கலவை கெட்டியாகுமுன் கிடைக்கும் நேரம், பெரும்பாலும் 25 பாகைக்குரியது. வெப்பம் 10 பாகை கூடினால் அந்த நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். தகரக் கூரைக்குக் கீழே நண்பகலில் வேலை தொடங்குவது ஆபத்து. ஐந்து நிமிடம் சுவரையும் அடியையும் வழித்துக் கலக்கி, எல்லாவற்றையும் இன்னொரு வாளிக்கு மாற்றி மறுபடியும் கலக்குங்கள். முதல் வாளியின் ஓரத்தில் ஒட்டிய ரெசின் ஹார்டனரோடு சேராமல் போய்விடும் என்பதால்தான் இந்த இரண்டாம் வாளி. பிறகு மீதி நுண்தூள், அதன்பின் பருமன் கல். பருமன் கல் இறங்கிய பிறகு இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் கிளறக் கூடாது. அம்மியில் வைத்து நசுக்குவது போலக் கல் இழையை நறுக்கிவிடும். வேகமான துளைப்பு இயந்திரத்தில் துடுப்பை மாட்டிச் சுற்றுவதைவிட மெதுவான கைவேலையே இங்கு நல்லது.

எப்பாக்சிக்குப் பதிலாகப் பாலியஸ்டர் ரெசின் பயன்படுத்துவோரும் இதே வரிசையைப் பின்பற்றலாம். ஆனால் அது கெட்டியாகும்போது கன அளவில் 5 முதல் 8 விழுக்காடு வரை சுருங்கும் என்பதால், மட்டம் தேவைப்படும் அடிக்கல்லுக்கு அதைப் பரிந்துரைக்கமாட்டேன். பாலியஸ்டரை விரைந்து இறுகச் செய்யும் கோபால்ட்டு முடுக்கியையும் பெராக்சைடு ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றாக ஊற்றாதீர்கள், வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதும் கலந்த பிறகே மற்றொன்றைச் சேர்க்க வேண்டும்.

வார்த்தல்

அச்சுக்கு மெழுகு பூசி உலரவிடுங்கள். போல்ட்டு பிடிக்கும் எஃகுக் குழல்களின் வெளிப்புறத்தில் சொரசொரப்பு இருக்க வேண்டும். அசிட்டோனால் எண்ணெய் நீக்கிய பிறகு அவற்றை வெறும் கையால் தொடக் கூடாது. குழலின் நடுவிலிருந்து அடிக்கல்லின் ஓரம் வரை குறைந்தது போல்ட்டு விட்டத்தைப் போல ஐந்து மடங்கு இடம் விடுகிறேன். முதல் அடிக்கல்லில் அது மூன்று மடங்கைக்கூட எட்டவில்லை. அதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

முதலில் அச்சின் முகத்தில் இழை இல்லாத ரெசின்–நுண்தூள் குழம்பை மெல்லப் பூச வேண்டும். இழை வெளியே துருத்திக்கொண்டு நின்றால் கையில் குத்துவதோடு, அதன் வழியே ஈரமும் எண்ணெயும் உள்ளே ஏறும். பிறகு குழல்களைச் சுற்றிக் கலவையைக் கையால் அழுத்தி வைத்து, மீதியை 25 மி.மீ. அடுக்குகளாக நிரப்ப வேண்டும். ஒரே மூலையில் ஊற்றி மறு மூலைக்கு ஓடவிட்டால், இழைகள் ஓடும் திசையிலேயே படுத்துவிடும். இரண்டு ஓட்டங்கள் சந்திக்கும் இடத்தில் இழையே இல்லாத ஒரு தையல் உருவாகும். அந்தத் தையல் போல்ட்டுத் துளைக்கு அருகே விழுந்தால் முன்பு நடந்ததே மீண்டும் நடக்கும்.

ஒவ்வோர் அடுக்குக்கும் குமிழிகள் வருவது அடங்கும்வரை மட்டும் அதிர்வு கொடுங்கள். அதற்கு மேல் கொடுத்தால் கல் கீழே இறங்கி, ரெசின் மேலே ஏறும்.

பதப்படுத்துதலும் சோதனையும்

அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய எப்பாக்சி 50 முதல் 60 பாகையிலேயே இளகத் தொடங்கக்கூடும், ஓடும் மோட்டாரின் அடியோ எளிதில் அந்தச் சூட்டை எட்டும். ஆகவே இரண்டு நாள் அச்சிலேயே விட்டு, பிறகு பலகைப் பெட்டிக்குள் குண்டு பல்புகளை எரியவைத்து, மணிக்கு 10 பாகைக்கு மேல் ஏறாமல் 60 பாகைக்குக் கொண்டுவந்து, ஆறு மணி நேரம் வைத்து, பெட்டியைத் திறக்காமலே ஆறவிடுகிறேன். ஏழு நாள் கழியும்வரை பாரம் ஏற்றுவதில்லை.

ஒவ்வொரு வார்ப்போடும் அதே வாளியிலிருந்து 20 மி.மீ. சதுரமும் 200 மி.மீ. நீளமும் கொண்ட மூன்று சட்டங்களை வார்த்துக்கொள்ளுங்கள். முதலில் எடை. நம் கணக்குப்படி காற்றே இல்லாத சட்டம் 182 கிராம் இருக்க வேண்டும். 173 காட்டினால் உள்ளே 5 விழுக்காடு காற்று. அடுத்து, 180 மி.மீ. இடைவெளியில் இரண்டு கம்பிகள் மேல் சட்டத்தை வைத்து, நடுவில் வாளியைத் தொங்கவிட்டு மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்ட வேண்டும். 60 கிலோ தாங்கினால் வளைவலிமை சுமார் 20 மெகாபாஸ்கல். அவ்வளவு மணலைத் தூக்க முடியாவிட்டால், நான்கு மடங்கு நெம்புகோல் ஒன்றை அமைத்து 15 கிலோவில் பார்த்துவிடலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

இழையில்லாத சட்டம் டப்பென்று இரண்டாகி வாளியோடு கீழே விழும். இழையுள்ளது ஏறக்குறைய அதே பாரத்தில்தான் கீறும். ஆனால் கீறிய பிறகும் இரண்டு துண்டும் பிரியாமல் தொங்கிக்கொண்டிருக்கும். பிறகு உடைந்த முகத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியால் பாருங்கள். ரெசின் ஒட்டிய குட்டைக் குச்சிகளாக இழை நின்றால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. நீளமாக, வழவழப்பாக உருவிக்கொண்டு வந்திருந்தால் மேற்பூச்சு அந்த ரெசினுக்குப் பொருந்தவில்லை. வெள்ளைப் பஞ்சு ஒன்றேனும் தெரிந்தால் அந்த வாளியில் வார்த்த அடிக்கல்லை மில்லுக்கு அனுப்பாதீர்கள்.

இரண்டாவது அடிக்கல்லைப் பொருத்தும்போது போல்ட்டுகளைக் குறுக்கு மூலைகளாக, மூன்று சுற்றில் சிறிது சிறிதாக முறுக்கினேன். ஒரு மாதம் கழித்து மோட்டாரை நிறுத்தச் சொல்லி, மிளகாய்த்தூள் படிந்த மூலைகளைத் துடைத்து, நீர்த்த மையைத் தடவி உடனே துணியால் வழித்தேன். கீறல் இருந்தால் அதில் மை தங்கிக் கோடாகத் தெரியும். நான்கு மூலைகளையும் டார்ச் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “கோடு எதுவும் இல்லண்ணே, ஓட்டுங்க” என்றேன்.